சோதனை எண் 2317

அந்தக் கண்டக்டர் கதையில் கோமதிநாயகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் உண்டு. இருபத்தாறு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே அதைப் பலருக்குச் சொல்லியும் வந்திருக்கிறார். சொல்லும்போது நம்புவார், சொல்லி முடித்துச் செருப்பை மாட்டும்போது நம்பிக்கை கழன்றுவிடும். கேட்டவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. இப்போது கோவில்பட்டி ரத்த வங்கியின் முன்னறையில், பழைய சதுர மானிட்டரில் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கையில், அந்தக் கண்டக்டர் மறுபடியும் வந்து நிற்கிறார், தோளில் தோல்பையோடு, முகமில்லாமல். காலை பதினொன்றரை. மின்விசிறி ஒரு பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. நாற்காலியின் முதுகில் மனைவி ரெஜினா கொடுத்தனுப்பிய துணிப்பை தொங்குகிறது. உள்ளே எலுமிச்சஞ்சோறும் அவித்த முட்டை இரண்டும். இவருக்கு அல்ல. ரெஜினாவின் அண்ணன் மிக்கேலுக்கு. இன்று ரெண்டே முக்கால் ரயிலில் மிக்கேல் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. ரெஜினாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, விடுப்பு கிடையாது. அண்ணன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ரத்த வங்கிக்கு வருவான், கையில் கொடுத்துவிடுங்கள் என்று காலையில் பையைக் கட்டும்போது சொன்னாள். பிறகு முடிச்சை இறுக்கிக்கொண்டே, "வாங்கினா வாங்கட்டும். வாங்காட்டி நீங்க சாப்பிட்டுருங்க, வீணாக்க வேண்டாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு இவருக்குப் பழக்கம். கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தும் கதவைத் திறக்காமல் விடுகிற சிரிப்பு.

வட்டம் நின்றது. சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோமதிநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சர்வரின் முகவரியைத் தான் குறித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த அறக்கட்டளைக்காக இவரே எழுதிய மென்பொருள்தான். ஊர் ஊராக ஒவ்வொரு கிளையின் மேசைக் கம்ப்யூட்டரிலும் அது உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை, படிவங்களும் பொத்தான்களும் தவிர. யார் ரத்தம் கொடுத்தார்கள், எந்த வகை, எந்தப் பை, எங்கே போயிற்று என்பதெல்லாம் மதுரையில், குளிரூட்டிய ஓர் அறையில், ஒரு சர்வரில் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். முகவரி, எந்த வாசல் வழியாகப் போவது என்பதற்கு ஓர் எண், உள்ளே போகிறவரின் பெயர், கடவுச்சொல். அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக இவர் எத்தனை ஊர்களில் எத்தனை டீ குடித்திருப்பார். முகவரியில் ஓர் எண் இடம் மாறியிருந்தது. திருத்தினார். மறுபடி வட்டம். ஐம்பத்தைந்து வயதில் எண்கள் இப்படித்தான் இடம் மாறுகின்றன, கண்ணில் அல்ல, கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே எங்கேயோ. ஆனால் ஓர் எண் மட்டும் மாறுவதேயில்லை. 2317. எந்தக் கிளையில் இணைப்புக் கொடுத்தாலும், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இவர் அடிக்கும் பை எண் அதுதான். அந்த எண்ணுக்கு மதுரையில் எந்தப் பதிவும் கிடையாது. 'பதிவு இல்லை' என்று பதில் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இல்லை என்பதும் பதில்தானே. போய்த் திரும்பி வந்திருக்கிறதே. அந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சும்மா ஓர் எண் என்று சொல்லியிருப்பார். பொய். ஒரு கார்த்திகை மாத மதியத்தில் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை, ரெஜினாவின் கட்டிலுக்கு மேலே தொங்கிய பையில் கறுப்பு மையால் எழுதியிருந்த எண் அது. நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குழந்தையைப் பார்க்கவும் பயம். அதனால் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு, மூன்று, ஒன்று, ஏழு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவள் சாக மாட்டாள் என்று எப்படியோ ஓர் எண்ணம். இப்போதும் ஒவ்வொரு முறை அந்த எண்ணை அடிக்கும்போதும் விரல் நுனியில் அந்தப் பயம் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். பதிவு இல்லை என்று வந்ததும் போய்விடும்.

"என்ன சார், வந்துருச்சா?" என்று உள்ளறையிலிருந்து செண்பகவல்லி கேட்டாள். இந்த வங்கியின் லேப் டெக்னீஷியன். இல்லையம்மா, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். "நாங்க ரத்தம் எடுத்தாத்தான் ஆளுகளுக்குத் தல சுத்தும். உங்க டப்பாவப் பாத்தாலே எனக்குச் சுத்துது" என்று சொல்லிவிட்டு அவள் கையுறையை உருவிக் கூடையில் போட்டாள். திரையில் இந்த முறை வேறு செய்தி. சர்வர் இருக்கிறது, உள்ளே விட மறுக்கிறது. இது பரவாயில்லை. மறுப்பு என்றால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். மதுரையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜாபருக்குப் போன் போட்டார். ஜாபர் எப்போதும் அவசரத்தில் இருப்பான். கோவில்பட்டியின் புது இணைப்பு எண்ணை அனுமதிப் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை, இதோ சேர்க்கிறேன், அதுவரை நிர்வாகியின் பெயரிலேயே உள்ளே போய்ப் பாருங்கள், கிளைக்கான பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றான். காலையில் நான் சொன்னேனே அது நினைவிருக்கிறதா சார் என்றும் கேட்டான். காலையில் அவன் பேசியபோது இவர் எலுமிச்சை வாங்கக் கடையில் நின்றிருந்தார். இருக்கிறது இருக்கிறது என்றார். ஜாபர் காலையில் என்ன சொன்னான்? பழைய ஏடுகள், திருநெல்வேலி, போன மாதம், என்று ஏதோ. எலுமிச்சை ஒன்று அழுகல், அதைக் கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்று நின்றார், அந்தச் சத்தத்தில் கரைந்துவிட்டது. மறுப்பு. மிக்கேலும் முதலில் மறுத்தார். அது சுலபமாக இருந்தது. வேறு ஆள், வேறு சாமி, வேலையும் நிரந்தரமில்லை, பெண் கொடுக்க முடியாது என்று நேராக இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார், மில் வாசலில், சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி. ஹாக்கி விளையாடி இறுகிய கால். அந்தக் கோபத்தைக்கூட இவருக்குப் பிடித்திருந்தது. இவரும் ரெஜினாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வேறாக மாறியது. தன் அம்மாவின் தலையில் கை வைத்து மிக்கேல் சத்தியம் செய்தாராம்: என்னிடமிருந்து அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் போகாது, அவள் வீட்டில் என் கை நனையாது. சத்தியத்தில் பாதி நாளடைவில் தளர்ந்தது. மகள் அமலி பிறந்த பிறகு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வருவார், பிள்ளையைத் தூக்குவார், பொம்மை வாங்கி வருவார், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்ப்பார். ஆனால் மறு பாதி தளரவில்லை. இருபத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் அவர் கை நனைத்ததில்லை. ரெஜினா ஒவ்வொரு ஞாயிறும் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைப்பாள். அவர் போன பிறகு அதை எடுத்துக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். அந்தச் செடி மரமாகிவிட்டது. இவருக்கும் அவருக்கும் பேச்சு உண்டு, முறைப்பெயர்தான் இல்லை. அவர் இவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை, இவர் அவரை மச்சான் என்றதில்லை. 'வாங்க', 'வெயில் ஜாஸ்தி', 'மில்லுல லீவா' என்று எழுவாய் இல்லாமலேயே ஒரு வாழ்க்கை ஓடிவிட்டது.

எத்தனை நொடி காத்திருக்கலாம் என்று மென்பொருள் ஓர் எண் கேட்கும். பதினைந்து போடுவது வழக்கம். பூஜ்யம் போட்டால் முடிவே இல்லாமல் காத்திருக்கும். ரெஜினா பூஜ்யம் போட்டவள். இவர் அறுபது போட்டுவிட்டு நிமிர்ந்தார். அமலி பிறந்த அன்று காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தம் நிற்கவில்லை, அரிய வகை, இங்கே இல்லை, திருநெல்வேலியில் கிடைக்கலாம், மதியத்துக்குள் வேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டியபோது அதை வாங்கக்கூட இவருக்குக் கை எழவில்லை. பின்னாலிருந்து வேறு ஒரு கை வந்து வாங்கியது. வெள்ளைத் துணிக் கட்டுப் போட்ட கை. மிக்கேல் எப்போது வந்தார், யார் சொல்லி வந்தார், தெரியாது. இரண்டு நாள் முன்னால் ஆட்டத்தில் பந்து பட்டு மணிக்கட்டு வீங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. சீட்டோடு போனார். ஒரு மணிக்கு ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு திரும்பினார். அதை நர்சிடம் கொடுத்துவிட்டு, இவர் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்து, நெற்றியைச் சுவரில் வைத்து நின்றார். இவர் நன்றி சொல்லப் பக்கத்தில் போனார். அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. அந்த முதுகை இவர் மறக்கவில்லை. உயிர் போகிற நேரத்திலும் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறதா என்று மனதில் ஒரு முள் ஏறியது. அது அப்புறம் இறங்கவேயில்லை. கண்டக்டர் வந்தது ஒரு வாரம் கழித்து, ரெஜினா எழுந்து உட்கார்ந்து, யார் அண்ணே ரத்தம் கொடுத்தது என்று கேட்டபோது. வங்கியிலும் இருப்பு இல்லையாம். என்ன செய்வதென்று வாசலில் நின்றாராம். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க வந்த ஒரு கண்டக்டர், விஷயம் கேட்டு, என் வகையும் அதுதான், வாங்க என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாராம். பெயரைக் கேட்டதற்கு, வண்டி எடுக்க நேரமாச்சு என்று ஓடிவிட்டாராம். அப்படியானால் உனக்கு என்ன வகை அண்ணே என்று ரெஜினா கேட்டாள். எனக்கு வேற, என்றார் மிக்கேல். அதற்குப் பிறகு மிக்கேல் சொன்னதில் அந்தக் கண்டக்டருக்கு ஒரு தடவை மீசை இருந்தது, ஒரு தடவை வழுக்கை. ஒரு தடவை அவர் திருச்செந்தூர் வண்டி, இன்னொரு தடவை தென்காசி வண்டி. ரெஜினா இதையெல்லாம் கவனித்தாளா, தெரியவில்லை. அமலியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அந்த வண்டிக் கண்டக்டரின் கையில் அரைக்கிலோ கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுப்பாள். எந்தக் கண்டக்டராக இருந்தாலும் சரி. அவர்கள் திகைத்து, எதுக்கும்மா என்பார்கள். உங்க ஆளு ஒருத்தர் குடுத்த பிள்ளை என்பாள். ஒரு வருடம் மிக்கேலும் கூட வந்தார். பொட்டலம் கை மாறியபோது அவர் ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தது நீங்களா என்று அன்று கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவர் தன் அம்மாவின் தலையில் வைத்த கையை எல்லோர் முன்னாலும் எடுக்க வேண்டிவரும், அதனால் கேட்கவில்லை என்று இவர் தனக்குத்தானே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். இன்று, மின்விசிறிக்குக் கீழே, அது முழு உண்மையில்லை என்று தோன்றியது. கண்டக்டர் என்றால் எங்கேயோ இருக்கும் ஒரு நல்லவர். அவரை நேசிப்பது எளிது, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வர மாட்டார். மிக்கேல் என்றால், அந்த முதுகின் மேல் இத்தனை வருடம் வளர்த்த முள்ளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இணைந்தது. திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி. கை தானாகப் போய் 2317 என்று அடித்து, தேடு என்பதை அழுத்தியது. பதிவு இல்லை என்று வரும், வந்ததும் எழுந்து முகம் கழுவலாம் என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோது திரையில் ஒரு வரி இருந்தது. முதலில் புரியவில்லை. பிறகு ஜாபரின் குரல், எலுமிச்சைக் கடைச் சத்தத்துக்குள்ளிருந்து, முழுதாக வந்தது: திருநெல்வேலிக் கிளையின் பழைய ஏடுகளையெல்லாம் போன மாதம் தட்டச்சு செய்து ஏற்றிவிட்டோம் சார், சோதனைக்கு இனிமேல் வேறு எண் போடுங்கள். பை எண் 2317. தேதி, அமலி பிறந்த தேதி. வகை சரி. எடை அறுபத்தேழு. எடுத்த கை: இடது, வலது மணிக்கட்டில் கட்டு. குறிப்பு: எழுந்ததும் மயக்கம். தேநீர், பிஸ்கட் மறுத்தார். அவசரம் என்று கிளம்பினார். அதோடு திரையின் அகலம் முடிந்தது. வலது கையில் கட்டுப் போட்ட கண்டக்டர் எந்தக் கையால் டிக்கெட் கிழித்தார் என்று மனம் ஒரு கணம் வேடிக்கையாகக் கேட்டது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல. எழுந்ததும் மயக்கம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், குலுங்குகிற பஸ்ஸில், மடியில் பிளாஸ்க். வெறும் வயிறு. நெற்றியைச் சுவரில் வைத்து நின்ற முதுகு. முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தாயே, அவர் விழாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறார். முதுகை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மனிதரைப் படித்து முடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாய். வலப்பக்கம் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. கொடுத்தவர் பெயர். அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தது இவர்தான். கிளைகளின் திரையில் அது நட்சத்திரங்களாகத்தான் தெரிய வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் வாதாடியதும் இவர்தான். கொடுத்தவர் மறைந்து நிற்க விரும்பினால் நிற்கட்டும் என்று பேசினார், அந்தக் கண்டக்டரை நினைத்துக்கொண்டு. பெயரின் நீளத்தை வைத்துக்கூட யாரும் ஊகித்துவிடக் கூடாது என்று எல்லாப் பெயருக்கும் எட்டு நட்சத்திரம் வைத்தார். ஆனால் இப்போது உள்ளே போயிருப்பது நிர்வாகியின் பெயரில். நட்சத்திரம் இருக்காது. வலது அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினால் போதும். விரல் அதன் மேலேயே இருந்தது. வேறு பெயராக இருந்தால்? கட்டுப் போட்ட வேறு யாரோவாக இருந்தால்? அந்தப் பயம் வந்தபோதுதான், எத்தனை ஆசையாக இவர் அந்தப் பெயரை அங்கே வேண்டுகிறார் என்பது தெரிந்தது. "இப்பவாச்சும் வந்துச்சா சார்?" என்றாள் செண்பகவல்லி. வந்துருச்சும்மா, என்றார். விரலை எடுத்து அந்த வரியை மூடினார். நிர்வாகியின் பெயரை அழித்துக் கோவில்பட்டிக் கிளையின் பெயரைப் போட்டார். மறுபடி இணைத்து மறுபடி அதே எண்ணை அடித்து, வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். எட்டு நட்சத்திரம். சரியாக வேலை செய்கிறது.

மிக்கேல் ஒன்றரைக்கு வந்தார், ஒரு பெட்டியும் குடையுமாக. அறுபத்திரண்டு வயது, அந்த இறுகிய கால்களில் இப்போது ஒன்று கொஞ்சம் இழுத்தது. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், விளிம்பில் உட்கார்ந்தார். அப்போதுதான் கொடுத்துவிட்டு எழுந்த ஒருவருக்குத் தேநீர் கொண்டு வந்த செண்பகவல்லி, தட்டில் மிச்சமிருந்த டம்ளரை மிக்கேலுக்கும் நீட்டினாள். வேண்டாம்மா என்றார். "குடிங்க அய்யா, டீ குடிச்சதுக்காகப் பிடிச்சுப் படுக்கவெச்சு ஊசி குத்திர மாட்டோம்" என்றாள். அவர் சிரித்தார். ஆனாலும் வாங்கவில்லை. கோமதிநாயகம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம். அந்த இடத்தில் பையை வைத்தார். எலுமிச்சை வாசம் வந்தது. மிக்கேல் பையைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். தங்கையின் முடிச்சு அவருக்குத் தெரியாமலிருக்குமா. பார்வையை எடுத்து வாசலில் வைத்தார்.

"கனெக்சன் கெடச்சுதா?" என்றார், வழக்கம்போல் யாரையும் குறிப்பிடாமல்.

கிடைத்தது என்றார் இவர். மிக்கேல் வலது மணிக்கட்டை இடது கையால் மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார். அது அவருடைய பழக்கம், மழைக்காலத்தில் அதிகம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவர் பார்த்திருக்கிறார் இதை. யார் கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்த எட்டு நட்சத்திரமும் அவருடையவை, இருக்கட்டும். அம்மாவின் தலையில் வைத்த கையும் அங்கேயே இருக்கட்டும். கேட்பதற்கு வேறு ஒன்று இருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், அந்த நடைவழியில், அந்த முதுகுக்குப் பின்னால் நின்றபோதே கேட்டிருக்க வேண்டியது. வேறு யாராக இருந்தாலும் எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி. அதற்கு முன் இதுவரை சொல்லாத ஒரு சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. செருமிக்கொண்டார்.

"மச்சான்."

மிக்கேல் திரும்பினார். இவர் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்குத் திருநெல்வேலியில இருந்து பிளாஸ்க்க மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தீங்கள்ல, வந்து சேந்த பிறகாவது ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"